கணினிக்கும் மூச்சு முட்டும்

படிவம் மூன்றில் பயிலும் கவினுக்கு விடுமுறை என்றாலே கணினி விளையாட்டுதான். கிள்ளானில் உள்ள அவனது அடுக்குமாடி வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினி. அப்பா மிகை நேர வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கியது. படிவம் ஐந்தில் பயிலும் அக்காளும் அதில்தான் தன் இடுபணிகளைச் செய்வாள்.

கடந்த இரு வாரங்களில், விளையாட்டின் நடுவே அந்தக் கணினி மூன்று முறை தானாகவே அணைந்துவிட்டது. சொன்னால் விளையாடத் தடை விதிப்பார்கள் என்று அஞ்சிக் கவின் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு அக்காள் வரலாற்று இடுபணியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது திரை சட்டென்று இருண்டது. இரண்டு மணி நேர உழைப்பு! அவள் இடையில் சேமித்து வைக்கவில்லை.

“திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டுமே!” என்றவளின் கண்கள் கலங்கின.

கவினின் நெஞ்சு உறுத்தியது. “அக்கா, இது முன்பே மூன்று தடவை அணைந்திருக்கிறது. நான்தான் மறைத்துவிட்டேன்,” என்றான் மெல்லிய குரலில்.

அக்காள் சிறிது நேரம் பேசவில்லை. “முன்பே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை சேமித்திருப்பேன், தம்பி,” என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை, கணினி பழுதுபார்க்கும் தொழில் செய்யும் சித்தப்பா வந்தார்.

“புதிய வரைகலை அட்டை வாங்க வேண்டுமா, சித்தப்பா?” என்று கவின் கேட்டான்.

“நோய் தெரியாமல் மருந்து வாங்கலாமா? வெப்பநிலையைக் காட்டும் மென்பொருள் ஒன்றை நிறுவித் தருகிறேன். நேரம், வெப்பநிலை, அப்போது வீட்டில் நடந்தது ஆகிய மூன்றையும் எழுதி வை. நாளை பார்ப்போம்,” என்றார் அவர்.

அன்று விளையாடக் கவினுக்கு மனமில்லை. ஆனாலும் சோதனைக்காக விளையாடினான். பிற்பகல் மணி 2.00க்கு 45 பாகை செல்சியஸ் காட்டிய கணினி, மணி 2.25க்கு 99 பாகையைத் தொட்டது. விசிறி இரைந்தது, விளையாட்டு விட்டுவிட்டு நகர்ந்தது, சற்று நேரத்தில் கணினி அணைந்தது.

இரவு மணி 9.10க்கு அக்காள் தட்டச்சு செய்தபோது மீண்டும் அணைந்தது. ஆனால், அப்போது வெப்பநிலை 50 பாகைதான்! அம்மா பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடத் தொடங்கிய நேரம் அது. மேசை விளக்கும் ஒரு கணம் மங்கியது. நல்லவேளையாக, அக்காள் இம்முறை அடிக்கடி சேமித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறிப்பேட்டைப் படித்த சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. “அருமை! உன் கணினிக்கு ஒரு நோய் இல்லை, இரண்டு நோய்கள்,” என்றார்.

முதலில் அவர் கணினியை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கினார். பிறகு பக்கத் தகட்டைத் திறந்தார். விசிறியிலும் உலோகத் தகடுகளிலும் தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தது.

“கணினி பயன்படுத்தும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. விளையாடும்போது செயலியும் வரைகலை அட்டையும் கடுமையாக உழைப்பதால் வெப்பம் பெருகும். அதை உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி வெளியேற்றும். தூசி அடைத்தால் கணினிக்கு மூச்சு முட்டும். செயலி தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும்,” என்று விளக்கினார்.

வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னை நீக்கச் சொன்னார். கவின் விசிறியின் இதழ்களை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவர் மென்தூரிகையால் தூசியைத் துடைத்தார். காய்ந்துபோன வெப்பப் பசையையும் மாற்றினார். “மின்வழங்கிப் பெட்டியை மட்டும் நீ ஒருபோதும் திறக்காதே. செருகியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்,” என்று எச்சரித்தார்.

அடுத்து, நீட்டிப்புக் கம்பியைப் புரட்டிக் காட்டினார். ஒரு துளையின் ஓரம் பழுப்பேறிக் கருகியிருந்தது. அனைவரும் திகைத்தனர்.

“கணினியும் இஸ்திரிப் பெட்டியும் இதே கம்பியில்தானே இருந்தன? இஸ்திரிப் பெட்டி 1,000 வாட்டுக்கும் மேல் மின்சாரம் இழுக்கும். உள்ளே இணைப்பு தளர்ந்திருப்பதால் மின்னழுத்தம் சட்டென்று இறங்கியது, கணினி அணைந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கலாம்!”

சிரிம் முத்திரையுள்ள புதிய நீட்டிப்புக் கம்பியை அப்பா வாங்கி வந்தார். கணினிக்குத் தனி இணைப்பு கிடைத்தது. அது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டது.

“மின்சாரம் தடைபட்டாலும் கணினியை இயக்கும் மின்கலப் பெட்டி வாங்கினால், மழைக்காலத்திலும் விளையாடலாமா?” என்று கவின் கேட்டான்.

சித்தப்பா சிரித்தார். “அது தரும் சில நிமிடங்கள் வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக அணைப்பதற்கு, தொடர்ந்து விளையாடுவதற்கு அன்று. இடி முழங்கத் தொடங்கும் முன்பே மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடு. அதுவே சிறந்த பாதுகாப்பு.”

அன்று பிற்பகல் அதே விளையாட்டைச் சோதித்தபோது வெப்பநிலை 76 பாகையைத் தாண்டவில்லை. கவின் உடனே விளையாட்டை நிறுத்தினான்.

“அக்கா, நீங்கள் சொல்லுங்கள், நான் தட்டச்சு செய்கிறேன்,” என்றான்.

இரவு மணி 10.00க்கு இடுபணி முடிந்தது. கருகிய அந்தத் துளை கவினின் கண்முன் வந்து நின்றது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் எழுதினான்: “சிக்கலைக் கண்டால் அன்றே சொல்.”

சிந்தித்து விடையளி

1. கணினிக்கு இரண்டு ‘நோய்கள்’ உள்ளன என்பதைச் சித்தப்பா எவ்வாறு கண்டறிந்தார்?
2. கவின் உண்மையை மறைத்ததால் நேர்ந்த, நேரவிருந்த விளைவுகள் யாவை?
3. உன் வீட்டில் உள்ள நீட்டிப்புக் கம்பியில் எந்தெந்த மின்பொருள்கள் இணைக்கப்பட்டுள்ளன? அது பாதுகாப்பானதா? காரணத்துடன் எழுதுக.