மணல் வாங்கும் முன்பு

தாயி, கொல்லையில் மீன் தொட்டியும் மணல் பாத்தியும் வைக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மீனின் கழிவு தண்ணீரோடு மணலில் இறங்கும். மணலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் செடிக்கு உணவாக்கும். தெளிந்த தண்ணீர் மீனுக்கே திரும்பும். 1980-களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி இப்படி மணலில் செய்து காட்டினார். நானோ மூன்று தடவை தோற்றவன். மூன்றும் பொருள் சேர்க்கும்போதே விதைத்த தோல்விகள்.

1. இலவசத்தைக் கண்டு மயங்காதே. எனக்கு முதலில் கிடைத்தது கடற்கரைப் பக்கத்து மணல். பூ மாதிரி வெளுப்பு, காசும் கிடையாது. தக்காளி முழங்கால் உயரம் வந்ததும் கொழுந்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச்சத்து போட்டேன், இன்னும் போட்டேன், பலனில்லை. மணலில் இருந்த கிளிஞ்சல் தூள் கரைந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிட்டது. அந்தத் தண்ணீரில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ஒரு கைப்பிடி மணலில் சமையல் வினிகர் ஊற்றியிருந்தால் அன்றைக்கே நுரைத்துக் காட்டியிருக்கும். எனக்கு அது நாலு மாசம் கழித்துத் தெரிந்தது. பாத்தி முழுவதையும் கூடை கூடையாக வெளியே சுமந்தேன். நுரைக்கும் மணலை யார் கொடுத்தாலும் வாங்காதே.

2. அலசலைப் பாதியில் விடாதே. ஆற்று மணல் கிடைக்காமல் அடுத்த முறை எம்-சாண்ட் இறக்கினேன். அதில் கல் உடைத்த தூசி இருக்கும். மூன்றாவது அலசலிலும் தண்ணீர் கலங்கலாகத்தான் வந்தது. பொழுது சாய்ந்துவிட்டதே என்று அப்படியே கொட்டிவிட்டேன். பாத்தியில் தண்ணீர் தேங்கி, காற்று புகாமல், சாக்கடை நாற்றம் அடித்தது. கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வை. ஒரு மணி நேரம் கழித்தும் கலங்கலாக இருந்தால், மேலே சேறு படிந்தால், இன்னும் அலசு. நாளைக்கு ஆனாலும் ஆகட்டும்.

3. மீன் குஞ்சைக் கடைசியாக வாங்கு. புது சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பழக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். நான் குஞ்சுக்கு முன்பணம் கொடுத்துவிட்டிருந்தேன். அதனால் அவர் சொன்னது காதில் ஏறவில்லை. மறுநாள் காலை குஞ்சுகள் தொட்டி மேலே வெள்ளை வெள்ளையாக மிதந்ததை இன்னும் மறக்கவில்லை. பிளாஸ்டிக் டிரம் என்றால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேள். மருந்து இருந்த டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். செம்புக் குழாயும் வேண்டாம், மீனுக்கு அது விஷம்.

4. மொட்டை மாடி ஆசை இருந்தால் விட்டுவிடு. 100 கன அடி மணல் நனைந்தால் 5 டன்னுக்கு மேல் கனக்கும்.

5. தண்ணீரையும் விசாரி. நம் பக்கத்து போர் தண்ணீர் கிணற்றுக்குக் கிணறு வேறு. பக்கத்து வீட்டில் நன்றாக இருக்கிறது என்று உன் வீட்டுக்கும் முடிவு கட்டாதே. உப்பளவு பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு கூடியிருக்கும், வீணாகிறதே என்று தொட்டியில் விடாதே. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், குளோரமைன் அப்படிப் போகாது. 2003-ல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பை எல்லாரும் மறந்துவிட்டார்கள், நீ மறக்காதே. கூரையைக் கழுவி வரும் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடு. ஆனால் மழைநீரை மட்டுமே நம்பினால் நாளாக ஆகத் தண்ணீர் புளிப்பேறும். கொஞ்சம் போர் தண்ணீர் கலந்தால் அது நிதானப்படும்.

6. ஒரு பங்கு மீன் தண்ணீருக்கு இரண்டு பங்கு மணல், பகலில் பல தடவை பாய்ச்சி வடிய விடு. இந்தக் கணக்கெல்லாம் எளிது, ஒரு நாளில் படித்துவிடுவாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் எனக்கு அறுபது வயசு ஆயிற்று. கொத்தனாரிடம் கேள், மீன் வளர்ப்பவரிடம் கேள், என்னிடமும் கேள்.

ஞாயிற்றுக்கிழமை வா தாயி. மணலை ஒரு டப்பாவிலும் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் எடுத்து வா. வினிகர் இங்கே இருக்கிறது.