பிரம்மபுத்திராவில் நாட்டுப் படகுப் பயணம்

பிரம்மபுத்திராவைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பவர் ஆற்றை மட்டுமே காண்கிறார். படகிலிருந்து பார்ப்பவரோ ஆற்றோடு வாழும் மக்களையும் காண்கிறார். அசாமில் சதியாவிலிருந்து வங்கதேச எல்லையருகே உள்ள துப்ரி வரையிலான 891 கிலோமீட்டர் நீர்வழி, 1988ஆம் ஆண்டில் இரண்டாவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர்த் தச்சர் கட்டிய மரப்படகில் இவ்வழியே செல்வோர் காண்பவை எவை? அவை நமது திட்டங்களுக்கு உணர்த்துவது யாது?

நிலையற்ற கரைகள்

1950 ஆகஸ்டு 15 அன்று ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில், மலைகளிலிருந்து சரிந்த மண்ணும் பாறையும் ஆற்றில் சேர்ந்தன. மேல் அசாமில் ஆற்றின் படுகை உயர்ந்தது. ஆழம் குறைந்த ஆறு, அகன்று பரந்து கரைகளை அரித்தது. பழைய சதியா நகர் அழிந்தது. திப்ருகர் நகரின் ஒரு பகுதியும் ஆற்றுக்கு இரையாயிற்று. மஜூலித் தீவு ஒரு நூற்றாண்டில் தன் பரப்பில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது.

சென்ற ஆண்டு படகு சென்ற வழி இவ்வாண்டு மணல்மேடாக இருக்கக்கூடும். ஆகவே படகோட்டி, நீரின் நிறத்தையும் சுழிப்பையும் கொண்டே ஆழத்தைக் கணிக்கிறார். அரசின் நீர்வழித் துறையும் கோடைக்கு முந்தைய நீர் குறைந்த மாதங்களில் மூங்கிற் தட்டிகளை நட்டு, நீரோட்டத்தை ஒருமுகப்படுத்தி ஆழத்தைக் காக்கிறது. உள்ளூரில் கிடைக்கும் பொருளே இங்கும் கைகொடுக்கிறது.

பானையும் நெல்லும்

மஜூலியின் தென்கரையிலுள்ள சால்மோராவில் மட்பாண்டத் தொழில் புகழ்பெற்றது. சக்கரம் இன்றிப் பெண்கள் கையாலேயே பானைகளை வனைகின்றனர். ஆடவர் மண் தோண்டிக் கொணர்ந்து, சூளையிட்டு, பானைகளைப் படகில் ஏற்றி ஊர் ஊராகச் செல்கின்றனர். பல இடங்களில் பானைக்கு விலை பணமன்று, நெல். படகு கட்டுவதும் இவ்வூரின் தொழில்களுள் ஒன்றாகும். கரை அரிக்கப்படும்போது நிலம் மட்டுமன்றி, இத்தொழில்களின் இருப்பிடமும் பறிபோகிறது.

திட்டுகளில் வாழ்வோர்

குவாஹாத்தியருகே குன்றுகளுக்கிடையே ஒடுங்கிச் செல்லும் ஆறு, அதைக் கடந்ததும் மீண்டும் விரிகிறது. கீழ் அசாமில் மணல் திட்டுகள் மிகுதி. அசாமியர் இவற்றைச் 'சாப்போரி' என்பர். மாநில அரசின் 2002-03ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 2,251 திட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 24.9 லட்சம் பேர் வாழ்ந்தனர். எழுத்தறிவு பெற்றோர் 19.31 விழுக்காட்டினரே, 67.9 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தனர்.

நள்ளிரவில் பேறுகால வலி கண்ட பெண்ணுக்கு இங்குச் சாலை என்பதே இல்லை. படகு ஒன்றே வழி. இக்குறையைப் போக்கும் முயற்சியாக 2005ஆம் ஆண்டில் திப்ருகரில் முதல் படகு மருத்துவமனை தொடங்கப்பட்டது. நம்பிக்கை எனப் பொருள்படும் 'ஆகா' என்பது அதன் பெயர். பின்னர் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் துணையோடு இத்திட்டம் பல மாவட்டங்களுக்கு விரிவடைந்தது. மருத்துவர், செவிலியர், தடுப்பூசி ஆகியவற்றோடு படகு திட்டுகளை நாடிச் செல்கிறது. மக்கள் எவ்வழியில் பயணம் செய்கின்றனரோ, அவ்வழியிலேயே சேவையும் சென்றது; இதுவே அதன் வெற்றிக்குக் காரணம்.

பாதுகாப்பின் தேவை

எனினும் நாட்டுப் படகைப் புகழ்ந்துவிட்டு நிற்றல் தகாது. பயணிகள், கால்நடைகள், மோட்டார் சைக்கிள்கள் யாவற்றையும் ஒரே படகில் ஏற்றுவது வழக்கம். 2012 ஏப்ரல் 30 அன்று துப்ரி மாவட்டத்தில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற படகு புயற்காற்றில் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 செப்டம்பர் 8 அன்று நிமாட்டிப் படித்துறை அருகே இரு படகுகள் மோதின. அதன்பின், ஒற்றை எஞ்சின் பொருத்திய தனியார் படகுகளுக்கு மாநில அரசு தடை விதித்தது. நீர்வழிக்கு ஏற்ற எஞ்சின் பொருத்த மானியமும் அறிவித்தது.

தடை மட்டும் போதாது என்பதை அம்மானியம் காட்டுகிறது. படகே பிழைப்பாக உள்ளவரிடம் படகைப் பறித்தால் விபத்து குறையலாம். வருவாயும் உடன் நின்றுவிடும். மிதவை உடை, சுமை வரம்பு, படகோட்டிக்குப் பயிற்சி, தச்சருக்குக் கடன் ஆகியவை ஒருங்கே வேண்டும்.

2017இல் திறக்கப்பட்ட 9.15 கிலோமீட்டர் நீளமுள்ள தோலா-சதியா பாலம் கரைகளை இணைத்தது. ஆயினும் ஆண்டுதோறும் இடம் மாறும் திட்டுகளுக்கெல்லாம் பாலம் கட்ட இயலாது. அங்கு வாழ்வோர்க்குப் பாலமாவது அவர்கள் கையால் கட்டிய படகேயாகும். அப்படகைப் பாதுகாப்பானதாக ஆக்குவதும், அதன் வழியே பள்ளியையும் மருத்துவத்தையும் கொண்டு சேர்ப்பதும் ஆற்றோர மேம்பாட்டின் முதற்கடமையாகும்.