நமது மலைக்கல்லில் மீன் உண்டா?

அட்டன், நுவரெலியா வீதியோரங்களில் மலையை வெட்டிய இடத்தில், பாறை வரிவரியாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். "இதற்குள் மீனோ சிப்பியோ கல்லாகிக் கிடக்குமா?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கிடக்காது என்பதே சரியான விடை. காரணத்தை இங்கே படிப்போம்.

செத்த மீன் நீரடிச் சேற்றில் புதைகிறது. மேலே மணலும் சேறும் படைபடையாக மூடி, நாளடைவில் இறுகிக் கல்லாகின்றன. மீனின் எலும்பும் செதிலும் அக்கல்லில் பதிந்துவிடுகின்றன. இதுவே உயிர்ச்சுவடு.

ஸ்கொத்லாந்து நாட்டின் பழைய செம்மணற்கல்லில் இத்தகைய மீன்கள் ஏராளம். அவை டெவோனியன் காலத்தவை. ஏறத்தாழ 42 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றை உலகறியச் செய்தவர்களுள் ஒருவரான ஹியூ மில்லர் (1802–1856), இளமையில் கல்லுடைத்துப் பிழைத்த தொழிலாளி. உடைத்த கல்லை உற்று நோக்கியே கற்றுக்கொண்ட அவர், 1841இல் அதைப் பற்றி நூல் எழுதினார். எலும்புத் தகடுகளைக் கவசமாக அணிந்த ஒரு மீன் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த மீன்கள் நீந்திய காலத்திலேயே நமது மலைப்பாறை பழம்பாறையாகிவிட்டது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, பூமிக்கடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அது உருமாறியது. நாம் காணும் வரிகள் அவ்வாறு உண்டானவை. சில கற்களில் தெரியும் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்னும் கனியம். அதுவும் அந்த வெப்பத்தில் விளைந்ததே. சூளையில் வெந்த செங்கல்லில் வைக்கோலைத் தேட முடியுமா? மேலும், இப்பாறைக்கு மூலமான மணலும் சேறும் படிந்த நாளில் மீன் இனமே தோன்றியிருக்கவில்லை.

ஆயினும் கதை இதோடு முடியவில்லை. இத்தகைய பாறைகள் தேய்ந்து, ஆற்று நீரால் அடித்துச் செல்லப்பட்ட கற்களே இரத்தினபுரியின் மாணிக்கப் படையாகின. அந்தச் சரளைக் கற்களுக்கிடையே நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் அகப்பட்டுள்ளன. குருவிட்டையில் கிடைத்த பற்களைக் கொண்டே, இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்ததை பி. இ. பி. தெரணியகல 1939இல் எடுத்துரைத்தார்.

மாணிக்கம் தேடுவோர் எலும்பை வீசியெறிந்தால் அந்த வரலாறும் அதனுடன் போய்விடும். ஆகவே மண்வெட்டியும் அலவாங்கும் பிடிக்கும் சகோதரரே, சரளைப் படையில் கனத்த எலும்போ பல்லோ கண்டால் உடைக்காதீர்கள். இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, பாடசாலை ஆசிரியருக்கோ கொழும்பு நூதனசாலைக்கோ அறிவியுங்கள். மண்ணுக்குள் இருப்பதை முதலில் காண்பவை உங்கள் கண்களே.