செயலியின் மதிப்பு

பொன்னின் மாற்றை அறிய விரும்பும் பொற்கொல்லர் அதன் ஒளியைக் கண்டு மயங்குவதில்லை. உரைகல்லில் உரைத்துப் பார்த்த பின்னரே விலை கூறுவர். கணிப்பொறியின் மூளை எனத்தக்க செயலியை மதிப்பிடுவோர்க்கும் உரைகல் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு பொருளின் விலை, எளிய குடும்பமொன்றின் பல மாத வருவாயை விழுங்கிவிடக்கூடும். ஆதலின், ஆராய்ந்து தெளியாமல் அதனை வாங்குதல் அறிவுடைமை ஆகாது.

செயலியின் ஆற்றலைத் துடிப்பின் வேகம் ஒன்றைக்கொண்டே அளப்பார் பலர். அஃது அரைகுறை அளவையே. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த பென்டியம் 4 வகைச் செயலியொன்று நொடிக்கு 380 கோடி முறை துடித்தது. 2006ஆம் ஆண்டில் வந்த கோர் 2 டுவோ வகையிலோ, ஏறத்தாழ 266 கோடி முறையே துடித்த செயலி அதனை எளிதில் வென்றது. காரணம் யாது? ஒவ்வொரு துடிப்பிலும் அது முடித்த வேலை மிகுதி. குறுநடையிட்டு விரையும் சிறுவனை, நீள்நடையிட்டு நிதானமாகச் செல்பவன் முந்துவதில்லையா? அது போன்றதே இது.

இனி, உள்ளகங்களின் எண்ணிக்கையைக் காண்போம். உள்ளகம் என்பது செயலியினுள் தனித்து வேலை செய்யும் பகுதியாகும். எட்டு உள்ளகங்கள் இருப்பின் வேலை எட்டு மடங்கு விரைவாக முடியும் என்று எண்ணுதல் பிழை. ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்கப் பொறியியல் அறிஞர் 1967ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக்கினார். ஓர் உள்ளகம் 100 நிமிடத்தில் முடிக்கும் வேலையில், 10 நிமிடப் பகுதி பங்கிட இயலாதது என்று கொள்வோம். எஞ்சிய 90 நிமிட வேலையை எட்டு உள்ளகங்கள் பகிர்ந்துகொண்டால் 11¼ நிமிடம் ஆகும். ஆக, மொத்தம் 21¼ நிமிடம். விரைவு ஐந்து மடங்கைக்கூட எட்டவில்லை!

இவ்வுண்மைகளை 2017ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று நன்கு விளக்கும். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஏ.எம்.டி. நிறுவனம் ரைசன் 7 1800எக்ஸ் என்னும் செயலியை வெளியிட்டது. உள்ளகங்கள் எட்டு, விலை 499 டாலர். அதற்கு முந்திய ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்டிருந்த கோர் ஐ7 6900கே செயலிக்கும் உள்ளகங்கள் எட்டே. விலையோ ஏறத்தாழ 1,090 டாலர். கணிப்பொறியால் படம் தீட்டும் பணியில் ரைசன் அதற்கு இணையாக நின்றது. பாதிக்கும் குறைந்த விலையில் அத்துணை ஆற்றல் கிடைத்தது கண்டு பலரும் வியந்தனர்.

ஆயினும் விளையாட்டு நிரல்கள் பலவற்றில், நான்கே உள்ளகங்கள் கொண்ட இன்டெல் கோர் ஐ7 7700கே முந்தி நின்றது. அதன் விலை ஏறத்தாழ 340 டாலரே. எட்டு உள்ளகங்களுக்கும் பகிர்ந்தளிக்கத்தக்க வேலை அந்நிரல்களில் இல்லை. விரைந்து இயங்கும் சில உள்ளகங்களே அவற்றிற்குப் போதுமாயின.

மற்றொன்றும் கருதத்தக்கது. 1800எக்ஸ் வெளிவந்த அன்றே, எட்டு உள்ளகங்கள் கொண்ட ரைசன் 7 1700 செயலியும் 329 டாலருக்கு வெளிவந்தது. அடிப்படைத் துடிப்பில் அதன் குறைவு ஆறில் ஒரு பங்கு. விலையில் குறைவோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மேலும், வெப்பந்தணிக்கும் விசிறியும் அதனுடனேயே கிடைத்தது. 1800எக்ஸ் வாங்கியவரோ விசிறிக்கெனத் தனியே பணம் செலவிட வேண்டியிருந்தது.

இவற்றால் பெறப்படுவது யாது? சிறந்த செயலி எது என்னும் வினாவிற்கு எல்லார்க்கும் பொருந்தும் விடை இல்லை. எவ்வேலைக்கு என்னும் வினாவே முன்னர் எழ வேண்டும். தாம் செய்யும் வேலையையே உரைகல்லாகக் கொண்டு, உடன் வரும் செலவுகளையும் கூட்டிப் பார்த்து வாங்குவோர் ஏமாற்றம் அடையார். விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் முதுமொழி மின்னணுப் பொருளுக்கும் பொருந்துவதே.