ஏட்டுச் சட்டமும் நாட்டு வழக்கமும்

நுழையும்முன்

சட்டம் ஏட்டில் எழுதப்படுவது. வழக்கம் மக்கள் வாழ்வில் நிலவுவது. இவ்விரண்டும் முரண்படும்போது எதன்வழி நீதி வழங்குவது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்து அறிஞர்கள் இவ்வினாவை நூல்களின் வாயிலாக விவாதித்தனர். அவ்விவாதத்தை விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் வரலாற்றோடு இணைத்துக் காண்பது இப்பாடம்.

ஊரும் நீதிமன்றமும்

விழுப்புரமும் திண்டிவனமும் முன்னாளில் தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டங்களாக விளங்கின. கடலூர் அம்மாவட்டத்தின் தலைநகர். 1993ஆம் ஆண்டில்தான் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டங்களுள் ஒன்றில் ஓர் உழவர் ஆண்மக்கள் இன்றி இறந்தார் எனக் கொள்வோம். அவருடைய நிலம் மனைவிக்கு உரியதா? மகளுக்கு உரியதா? உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கு உரியதா? ஊரார் கூடிப் பேசினால் அவ்வூரின் வழக்கப்படி ஒரு முடிவு கிடைக்கும். வழக்கு நீதிமன்றம் ஏறினால் வேறொரு முடிவும் கிடைக்கக்கூடும். ஏனெனில், நீதிபதியின் மேசைமேல் இருந்தது அவ்வூர் மக்கள் கேள்விப்பட்டிராத ஒரு நூல்.

நூல்வழி நீதி

1772ஆம் ஆண்டில் வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு நீதிமுறைத் திட்டத்தை வகுத்தார். திருமணம், மரபுரிமை முதலியவற்றில் இசுலாமியருக்குக் குர்ஆனின்படியும் இந்துக்களுக்குச் சாத்திரங்களின்படியும் தீர்ப்பு வழங்கவேண்டும் என்பது அதன் கொள்கை. பின்னர்ச் சென்னை மாகாண நீதிமன்றங்களும் அவ்வழியிலேயே நடந்தன. யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விக்ஞானேசுவரர் எழுதிய உரையான மிதாட்சரம் மரபுரிமை வழக்குகளில் முதன்மை பெற்றது. அதன் மரபுரிமைப் பகுதியைக் கோல்புரூக் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1810ஆம் ஆண்டில் வெளியிட்டார். வடமொழியில் எழுதப்பட்டு ஆங்கிலத்தில் படிக்கப்பட்ட நூல், தமிழன்றி வேறு மொழி அறியாத உழவரின் நிலத்திற்கு உரியவர் யார் என்பதை முடிவுசெய்தது.

வழக்கத்திற்கு இடமே இல்லாமலும் போகவில்லை. இராமநாதபுரம் அரசியின் மகவேற்பு வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1868ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கியது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம், எழுதப்பட்ட நூலைவிட வலிமை உடையது என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால், வழக்கத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதனைக் கூறுபவரையே சார்ந்தது. அது பழைமையானது, உறுதியானது, முறையானது என்று சான்றுகளோடு நிறுவுதல் எளிய குடும்பங்களுக்கு அரிய செயலாக இருந்தது.

நெல்சன் எழுப்பிய வினா

ஜே. எச். நெல்சன் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாளராகவும் மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றியவர். மதுரை நாட்டைப் பற்றி 1868ஆம் ஆண்டில் விரிவான நூல் ஒன்றை எழுதினார். மக்களின் பழக்கவழக்கங்களை நேரில் அறிந்த அவர், சென்னை உயர்நீதிமன்றம் நடைமுறைப்படுத்திவந்த இந்துச் சட்டத்தை ஆராய்ந்து 1877ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். அதே பொருளில் 1881, 1887ஆம் ஆண்டுகளிலும் அவருடைய நூல்கள் வெளிவந்தன.

தமிழ்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் வடமொழிச் சாத்திரங்களின்படி வாழ்ந்தவர் அல்லர் என்பது நெல்சனின் அடிப்படைக் கருத்து. ஒவ்வொரு சமூகத்திற்கும் தனித்த வழக்கங்கள் உண்டு. அவற்றைக் கேட்டறியாமல் ஒரே சட்டத்தை எல்லார்மீதும் சுமத்துவது நீதிபதிகளே புதுச்சட்டம் படைப்பதற்கு ஒப்பாகும் என்று அவர் வாதிட்டார்.

இக்கருத்துக்கு உயர்நீதிமன்றத்திலிருந்தே மறுப்பு எழுந்தது. நீதிபதி எல். சி. இன்னஸ், நெல்சனின் கருத்துகளை ஆராய்ந்து ஆளுநர் கிராண்ட் டப்புக்கு எழுதிய மடல் 1882ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. மக்கள் பல்லாண்டுகளாகத் தீர்ப்புகளை நம்பி நிலத்தை வாங்குகின்றனர், விற்கின்றனர், பங்கிடுகின்றனர். அத்தீர்ப்புகளின் அடிப்படையே தவறு என்றால் உடைமையின் உறுதி என்னாகும் என்னும் கவலையும் எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று.

ஒரு நூல் கருத்தை முன்வைத்தது. மற்றொரு நூல் அதனை மறுத்தது. இரண்டையும் ஒருசேரக் கற்பவரே இச்சிக்கலின் ஆழத்தை உணர்வர். ஒன்றை மட்டும் கற்றவர் நெல்சனை மக்களின் காவலர் என்றோ, குழப்பம் விளைவித்தவர் என்றோ எளிதாகக் கூறிவிடுவர்.

வழக்கம் யாருடைய குரல்?

வழக்கத்தைத் தொகுத்துச் சட்டமாக்கினால் சிக்கல் தீர்ந்துவிடுமா? இதற்குக் கடல்கடந்த தமிழ்நிலம் ஒன்று சான்று தருகிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்து அலுவலர் கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டில் தொகுத்தார். முதலியார் பன்னிருவர் அத்தொகுப்பைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். தேசவழமை என்னும் அச்சட்டம் பெண்களின் சீதன உரிமைக்கு இடம் தந்தது. அதே சட்டத்தில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. ஒப்புதல் அளித்தவர்கள் முதலியார்கள். அடிமைப்பட்டோரிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை.

இவ்விடத்தில் நாம் முதலில் கண்ட உழவரின் குடும்பத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊர் வழக்கத்தை நீதிமன்றத்தில் எடுத்துரைப்பவர் பெரும்பாலும் ஊர்த்தலைவர். நூலின் பொருளை எடுத்துரைப்பவர் வழக்குரைஞர். நிலத்திற்காகக் காத்திருக்கும் மகளின் குரல் இரண்டிலும் ஒலிப்பதில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த பிறப்புரிமை உண்டு என்பதைத் தமிழ்நாட்டுச் சட்டம் 1989ஆம் ஆண்டு முதல் ஏற்றது. இந்திய நாடு முழுமைக்கும் அவ்வுரிமை 2005ஆம் ஆண்டில் வந்தது. ஏட்டை வழக்கத்தால் திருத்த வேண்டும் என்றார் நெல்சன். வழக்கத்தையும் அறத்தால் திருத்த வேண்டும் என்பதைக் காலம் உணர்த்தியது.

ஓமந்தூராரின் ஆட்சிக்காலம்

அவ்வாறு வழக்கத்தைத் திருத்திய சட்டங்கள் பல, திண்டிவனம் அருகிலுள்ள ஓமந்தூரில் பிறந்த ஒருவரின் ஆட்சிக்காலத்தில் இயற்றப்பட்டன. ஓமந்தூர் இராமசாமியார் 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்பிரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். வேளாண் குடும்பத்தில் தோன்றியவர். வள்ளலாரின் நெறியில் ஈடுபாடு கொண்டவர்.

அனைத்து இந்துக்களும் கோயிலுக்குள் சென்று வழிபடும் உரிமையை வழங்கும் சட்டம் 1947ஆம் ஆண்டில் நிறைவேறியது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் முறையைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. அதற்கு முன்னரே மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் அதற்காக நெடுங்காலம் உழைத்திருந்தார். சமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டம் 1948ஆம் ஆண்டைச் சார்ந்தது. கோயிலுக்கு வெளியே நிற்றலும், பொட்டுக்கட்டுதலும் வழக்கம் என்னும் பெயராலேயே காக்கப்பட்டு வந்தவை. அவற்றை ஏட்டுச் சட்டம் எதிர்த்து நின்றது.

1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு இதற்கு உறுதியான அடித்தளம் அமைத்தது. சட்டத்தின் வலிமை பெற்ற வழக்கமும் அடிப்படை உரிமைகளுக்கு மாறுபட்டால் செல்லாது என்பது பதின்மூன்றாம் உறுப்பின் கருத்து. பதினேழாம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது.

ஏடு வாழ்வாகும் நாள்

சட்டம் இயற்றப்பட்ட நாளிலேயே வாழ்வு மாறிவிடுவதில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியலின மக்கள் வழிபடுவது தொடர்பாகப் பூசல் எழுந்தது. 2023 சூன் திங்களில் வருவாய்த்துறையினர் அக்கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மார்ச்சுத் திங்களில் நாள்வழிபாட்டிற்காக அது மீண்டும் திறக்கப்பட்டது. ஓமந்தூரார் காலத்தில் கோயில் நுழைவு உரிமை சட்டமாகி எழுபத்தாறு ஆண்டுகள் ஆனபின், அவர் பிறந்த மாவட்டத்திலேயே ஒரு கோயிலின் கதவு அவ்வுரிமைப் பூசலால் அடைபட்டது. ஏட்டில் உள்ள உரிமை வாழ்வில் வழக்கமாக மாறும்வரை சட்டத்தின் பணி முடிவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஆகவே, சட்டத்தையும் சமூகத்தையும் பற்றிய நூலைக் கற்போர் மூன்று வினாக்களை மறவாது எழுப்புதல் வேண்டும். இந்நூல் யாரால், யார்பொருட்டு, எம்மொழியில் எழுதப்பட்டது? இது கூறும் வழக்கத்திற்குச் சான்று சொன்னவர் யார்? சான்று சொல்ல அழைக்கப்படாதவர் யார்? முதல் வினா ஏட்டை அளக்கிறது. இரண்டாம் வினா வழக்கத்தை அளக்கிறது. மூன்றாம் வினா இரண்டையும் அளக்கிறது. அழைக்கப்படாதவரின் இடத்தில் நின்று கற்கும்போதே சட்டநூல் நீதிநூலாகும்.

தெரிந்து தெளிவோம்

நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்த காலத்தில் அவற்றைத் தமிழில் தந்தவர் மாயூரம் வேதநாயகம். இவர் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் தமிழாக்கினார். தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை இயற்றியவரும் இவரே.

கற்பவை கற்றபின்

1. நெல்சன், இன்னஸ் ஆகியோரின் நிலைப்பாடுகளை முன்னிறுத்தி, 'நீதிக்கு அடிப்படை ஏடா, வழக்கமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

2. வழக்கத்தை மாற்றிய சட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனால் உங்கள் பகுதியில் ஏற்பட்ட மாற்றத்தை மூத்தோரிடம் கேட்டறிந்து கட்டுரையாக்குக.

3. 'சான்று சொல்ல அழைக்கப்படாதவர் யார்?' என்னும் வினாவை நீங்கள் படித்த வரலாற்றுப் பாடம் ஒன்றிற்குப் பொருத்தி, உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.