கடைமடையில் நிற்பவர்

அன்புள்ள செல்விக்கு,

"மயக்க மருந்துப் பம்பில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அப்புறம் பின்னூட்டம் எதற்கு சார்?" என்று கேட்டிருந்தாய். டி.சி.ஐ. பம்பைச் சொல்கிறாய். அதைத் தானியங்கி என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வரும். வயது, எடை, உயரத்தை வைத்து, இவ்வளவு மருந்து ஓடினால் ரத்தத்தில் இவ்வளவு நிற்கும் என்று அது கணக்குப் போடுகிறது. நோயாளியைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

எங்கள் சித்தப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு, அரைமணியில் கடைசிப் பாத்தி நிரம்பிவிடும் என்று வேப்பமரத்தடியில் சாய்ந்துவிடுவார். அதுதான் டி.சி.ஐ. சித்தி கடைமடையில் நின்று "போதும்!" என்று கத்துவாள். அது பின்னூட்டம். ஆனால் மோட்டாரை நிறுத்திய பிறகும் வாய்க்காலில் கிடக்கிற தண்ணீர் வந்துகொண்டுதானே இருக்கும்? பாத்தி முக்கால் நிரம்பும்போதே அவள் கத்தியாக வேண்டும். முதல் வருஷம் இது பிடிபடாமல் இரண்டு முறை வரப்பு உடைந்தது. சித்தப்பாவோ இன்றுவரை எலி வளையைத்தான் குற்றம் சொல்கிறார்.

புரோப்போஃபால் என்ற மயக்க மருந்தும் அப்படியே. சிரையில் ஏறிய மருந்து மூளையில் முழுவேகம் காட்ட ஓரிரு நிமிடம் பிடிக்கும். மூளையின் மின்னலைகளை 0 முதல் 100 வரை எண்ணாக்கும் பி.ஐ.எஸ். கருவியும் சில விநாடிச் சராசரியைத்தான் காட்டுகிறது. எண் 40க்கும் 60க்கும் இடையில் நிற்க வேண்டும். 70 என்று கண்டதும் பதறி மருந்தைக் கூட்டினால் சற்று நேரத்தில் 30க்குக் கீழே விழும். குறைத்தால் மறுபடி ஏறும். இந்த ஊசலாட்டம் பழைய வியாதி. நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக்கும் கவர்னர்களைப் பற்றி இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1868ல் எழுதிய கட்டுரையைப் படி. சுருக்கத்தை அல்ல, மூலத்தை. உங்கள் தலைமுறைக்குச் சுருக்கம் ஒரு நோய்.

மயக்க மருந்தில் பின்னூட்டமும் புதிதல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிக்ஃபோர்டு 1950 வாக்கிலேயே மூளையலையைக் கொண்டு மயக்க மருந்தைச் செலுத்திக் காட்டினார். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் கோவர்தன் பூரி குழுவினர் பி.ஐ.எஸ். எண்ணைக் கொண்டு புரோப்போஃபாலைத் தானே கூட்டிக் குறைக்கும் 'கிளாட்ஸ்' அமைப்பைப் பற்றி 2007ல் எழுதினார்கள்.

என் கவலை கணக்கில் இல்லை, சித்தியில், அதாவது பி.ஐ.எஸ். கருவியில் இருக்கிறது. அவளே தவறாகக் கத்தினால்? கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் மயக்கம் ஆழமாக இருந்தும் பி.ஐ.எஸ். எண் ஏறும். நெற்றித் தசை துடித்தாலும் ஏறும். அதை நம்பும் இயந்திரம் மருந்தை இன்னும் ஊற்றும். மேல்வரம்பு வைக்காமல் எவனாவது இதை வடிவமைத்தால் அவனுக்கு நான் பூஜ்யம்தான் போடுவேன்.

நெற்றியிலிருந்து சென்சார் கழன்று விழுந்த நொடியில் உன் பம்பு என்ன செய்ய வேண்டும்? நிறுத்துவதா, கடைசி வேகத்திலேயே ஓடுவதா? காரணத்தோடு, கையெழுத்தில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்