டிராக்டர் விளக்குக்கு ரிலே அவசியம்

இரவு உழவுக்காக டிராக்டரில் 55 வாட் விளக்குகள் இரண்டு கூடுதலாகப் பொருத்தினால், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். சிறிய சுவிட்ச் இதைத் தாங்காது, சூடேறி உருகும். ரிலே வைத்தால் சுவிட்ச் வழியே கால் ஆம்பியருக்கும் குறைவாகவே செல்லும்.

முதலில் பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட வேண்டும். பாட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் கொண்டுவரவும். 87 விளக்குகளுக்கு, 86 சுவிட்சுக்கு, 85 எர்த்துக்கு. பியூஸ் பாட்டரியை ஒட்டியே இருக்கட்டும். எர்த் போடுமிடத்தில் பெயிண்டைச் சுரண்டப் பலர் மறந்துவிடுகின்றனர். சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து சுவிட்சுக்கு இணைப்பு எடுத்தால் பாட்டரி வீணாக இறங்காது.

கன்டெய்னர் லாரிகள் ஓடும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் ஏறுமுன் இவ்விளக்குகளை அணைத்துவிட வேண்டும். பின்பக்கம் எரியும் வெள்ளை விளக்கைக் கண்டு, பின்னால் வரும் டிரைவர் எதிரே வண்டி வருவதாக எண்ணிவிடுவார்.